சைனா சிம்பல் ஏன் அப்படிக் கத்துகிறது?

டிரம் செட்டின் உலோகத் தட்டுகளான சிம்பல்களில் சைனாவைத் தவிர வேறு எதை முதல்முறை அடித்தாலும் யாரும் பெரிதாகத் திடுக்கிட மாட்டார்கள். அழுத்தத்துக்கு அடிக்கும் க்ராஷ் என்றால் இப்படித்தான் விரியும், தாளத்தைத் தொடர்ந்து ஓட்டும் ரைடு என்றால் இப்படித்தான் "டிங்" என்று நிற்கும் என்று பாட்டு கேட்டுக் கேட்டே காது பழகியிருக்கும். சைனா அப்படி இல்லை. யாரோ ஒரு தகரத் தட்டைத் தரையில் போட்டுவிட்டது போல "க்யாஷ்" என்று ஒரு கரகரப்பு, அதற்கு அடியில் சேகண்டி போன்ற சின்ன காங் ஒன்று உறுமுவது போல ஒரு சாயல், நீங்கள் அடுத்த அடிக்குக் கையைத் தூக்குவதற்குள் எல்லாம் ஓய்ந்துவிடும். நான் முதன்முதலில் ஒன்றை அடித்தபோது விரிசல் விட்ட சிம்பலோ என்று விளிம்பு முழுக்க விரலை ஓட்டிப் பார்த்தேன். விரிசல் எதுவும் இல்லை, அதன் குரலே அதுதான்.

அந்தக் குரலைப் பலர் "அசிங்கமான சத்தம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள், பிடித்தவர்களும் கூட அதைப் பாராட்டாகவே சொல்கிறார்கள். ஆனால் சைனாவின் உண்மையான பலம் அந்தக் கரகரப்பில் பாதிதான். மீதிப் பாதி, அது எவ்வளவு சீக்கிரம் இடத்தைக் காலி செய்கிறது என்பதில் இருக்கிறது. நல்ல க்ராஷ் ஒன்றை ஓங்கி அடித்தால் அதன் கார்வை பல நொடிகள் பாட்டின் மேல் பரவி நிற்கும், சைனா பாதி நேரத்துக்குள் விலகிவிடும். சத்தமாக வந்து சட்டென்று போவது, இந்த இரண்டும் ஒரே பொருளில் சேர்ந்திருப்பதால்தான் அதை அழுத்தம் கொடுக்க வைத்துக்கொள்கிறோம். இரண்டுக்குமே காரணம் அதன் வடிவம்.

வடிவத்தைப் பாருங்கள். சாதாரணச் சிம்பலின் நடுவில் அரைக்கோளம் போல ஒரு பெல், அங்கிருந்து வில் போல வளைந்து இறங்கி விளிம்பில் மெலிந்து முடியும், வழியில் எங்கும் ஒரு முறிவு இருக்காது. சைனாவில் விளிம்புக்கு இரண்டு மூன்று அங்குலம் முன்பே உலோகம் திடீரென மடிந்து மேல்நோக்கித் திரும்பிவிடும். அகலத் தொப்பியின் ஓரத்தை மேலே திருப்பிவிட்டது போல இருக்கும். நடுவில் உள்ள பெல்லும் பல சைனாக்களில் உருண்டையாக இல்லாமல், சின்ன டப்பாவைக் கவிழ்த்து வைத்தது போல நேரான பக்கமும் தட்டையான உச்சியும் கொண்டிருக்கும், சிலவற்றில் கூம்பாக இருக்கும். ஆக நடுவில் ஒரு முறிவு, ஓரத்தில் இன்னொரு முறிவு.

இந்த வடிவத்தை டிரம்மர்களுக்காக யாரும் வரையவில்லை. கைத்தாளங்கள் மத்திய ஆசியா, இந்தியா பக்கமிருந்து சீனாவுக்குப் போய் 1,500 ஆண்டுகளுக்கும் மேலாகிறது, அங்கே அவை தனக்கென ஒரு உருவம் எடுத்துக்கொண்டன. சீன மொழியில் அவற்றுக்குப் பெயர் "போ". அவை எப்போதும் ஜோடி. நடுத் துளை வழியாகத் துணியைக் கோத்து முடிச்சிட்டு, அந்த உயரமான பெல்லைக் கைப்பிடியாகப் பற்றிக்கொண்டு ஒன்றோடு ஒன்று மோதுவார்கள். சிங்க நடனத்திலும் பீக்கிங் ஆப்பெராவிலும் இன்றும் இப்படித்தான். இங்கே ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டு சைனாக்களை உட்பக்கம் உட்பக்கமாக நெருக்கினால் முதலில் தொட்டுக்கொள்வது விளிம்புகள் இல்லை, மடிப்புகள்தான், ஏனென்றால் விளிம்பு வெளிப்பக்கமாக விலகித் திரும்பியிருக்கிறது. அதாவது இந்தக் கருவி அடிவாங்க வேண்டிய இடம் அந்த மடிப்பு வளையம். டிரம் செட்டில் இதை எப்படி மாட்டுவது என்ற பழைய சண்டைக்கு இதற்குள் ஒரு பதில் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

பீக்கிங் ஆப்பெராவில் தாள வாத்தியக்காரர்கள் பாடத்தை வாயால் சொல்லியே கற்கிறார்கள். பெரிய காங் ஒலித்தால் "சாங்", சின்ன காங் தனியாக ஒலித்தால் "தாய்", சிம்பலுக்கு "ச்சி" மாதிரி ஒரு சொல். அந்த சிம்பல் சொல் எவ்வளவு குட்டையாக, மூச்சுக்காற்றோடு முடிகிறது பாருங்கள். மேடையில் நடிகர் தலையைத் திருப்பினால் ஓர் அடி, கையை உதறினால் ஓர் அடி, அடுத்த அசைவுக்கு முன் முந்தைய ஒலி அடங்கியிருக்க வேண்டும். குறுகிய கார்வை அங்கே தேவையாகவே இருந்தது.

உலோகம் பற்றிக் கொஞ்சம். பாரம்பரியச் சீனச் சிம்பல் சுமார் 80 சதவீதம் செம்பும் 20 சதவீதம் வெள்ளீயமும் கலந்த வெண்கலம், டிரம்மர்கள் பி20 என்று சொல்வது இதைத்தான். துருக்கி மரபிலிருந்து வந்த விலையுயர்ந்த சிம்பல்களும் இதே கலவைதான் என்பதால், "சைனா மட்டமான உலோகம், அதனால்தான் அப்படிக் கத்துகிறது" என்ற பேச்சில் பொருளே இல்லை. இவ்வளவு வெள்ளீயம் கலந்த வெண்கலம் சாதாரணமாக ஆறினால் கண்ணாடி போல நொறுங்கும். செந்தழலாகக் காய்ச்சி உடனே தண்ணீரில் முக்கினால்தான் அது அடிதாங்கும் பதத்துக்கு வரும். பிறகு சுத்தியலால் அடித்து உருவம் கொடுப்பார்கள். ஹூபே மாகாணத்தின் வூஹான் நகரம் காங், சிம்பல் தயாரிப்புக்குப் பேர்போனது, அந்த ஊர்ப் பெயரிலேயே வரும் சைனாக்கள் உலகம் முழுக்க டிரம்மர்கள் கையில் இருக்கின்றன. அவற்றை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சுத்தியல் பள்ளங்களும் ஒழுங்கில்லாத கடைசல் கோடுகளும் தெரியும். ஒரே அளவில் இரண்டு வாங்கினால் இரண்டும் இரண்டு மாதிரிப் பேசும்.

சரி, மடிப்பு ஒலியை என்ன செய்கிறது?

ஸ்டிக் பட்டதும் தட்டு முழுக்க வளைவு அலைகள் ஓடுகின்றன. மெதுவாக அடித்தால் சில குறிப்பிட்ட அதிர்வுகள் மட்டும் எழும்பும், ஏறக்குறைய ஒரு சுருதியைக் கூடப் பிடித்துவிடலாம். ஓங்கி அடித்தால் கதை மாறுகிறது. தட்டு தன் தடிமனோடு ஒப்பிடும் அளவுக்கு அசையத் தொடங்கியதும் அதிர்வுகள் ஒன்றோடு ஒன்று பிணைந்துகொண்டு, தாழ்ந்த அதிர்வெண்ணில் இருந்த ஆற்றல் படிப்படியாக உயர்ந்த அதிர்வெண்களுக்கு ஏறுகிறது. கொஞ்ச நேரத்தில் அங்கே தனித்தனிச் சுருதிகள் இல்லை, ஏறக்குறைய இரைச்சல்தான் இருக்கிறது. இயற்பியலில் இதை ஒழுங்கற்ற அதிர்வு என்பார்கள். எல்லாச் சிம்பலுக்கும் இது பொதுவானது, சிம்பல் என்றாலே பளபளவென்று "ஷ்ஷ்" என ஒலிப்பதற்குக் காரணமும் இதுதான். க்ராஷில் அந்த ஏற்றம் ஒரு மலர்ச்சி போல நடக்கும், அடித்த பிறகு ஒலி விரிவதைக் காதால் பின்தொடரலாம். பாரம்பரியச் சைனா மெல்லிய தகடு, அதனால் சின்ன அடிக்கே அந்த நிலைக்குப் போய்விடும், விரியும் நேரம் கிட்டத்தட்ட இல்லை.

அதோடு மடிப்பு. மடித்த தகடு விறைப்பாக இருக்கும் என்பது காகிதத்தை மடித்துப் பார்த்தாலே தெரியும். நடுப்பகுதியிலிருந்து ஓடிவரும் அலை அந்த விறைத்த வளையத்தில் மோதும்போது ஒரு பகுதி திரும்பிவிடுகிறது, ஒரு பகுதி தாண்டி விளிம்புக்குப் போகிறது. அதனால் விளிம்பும் நடுப்பகுதியும் ஒரே உடலாக அதிராமல், பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும் இருக்கும் இரண்டு தட்டுகள் போல நடந்துகொள்கின்றன. ஒன்றுக்கொன்று இசையாத இரண்டு அதிர்வுகளின் கலப்பைத்தான் நம் காது கரகரப்பாகக் கேட்கிறது. ஒழுங்கான சிம்பலில் நீண்டு நிற்கும் அந்த இனிய மேல் ஒலிகள் இங்கே ஒன்றையொன்று தாங்கிப் பிடிப்பதில்லை, சீக்கிரம் கலைந்துவிடுகின்றன. கரகரப்பையும் எடுத்துவிட்டு வேகமான அடக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ள முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் ஒரே மடிப்பிலிருந்து வருகின்றன, பிரிக்க முடியாது.

சீனாவிலிருந்து டிரம் செட்டுக்கு இது வந்த வழியும் சுவையானது. 1909இல் லட்விக் சகோதரர்கள் பாஸ் டிரம் பெடலுக்குக் காப்புரிமை வாங்கிய காலத்தில், அமெரிக்க மேடை நாடகங்களிலும் மௌனப் படங்களுக்கும் வாசித்த டிரம்மர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் ஒரு சட்டத்தில் கோத்து ஒரே ஆள் வாசிக்கும்படி ஆக்கிக்கொண்டிருந்தார்கள். மரக்கட்டை, மாட்டுமணி, ஆணியடித்துத் தோல் கட்டிய சீன டாம்டாம், அவற்றோடு ஒரு சீனச் சிம்பல். இவற்றில் சீனக் கருவிகள் சீனக் குடியேறிகள் வழியாக வந்தவை. அதாவது க்ராஷ், ரைடு, ஹை-ஹாட் என்று இன்று நாம் சொல்லும் பிரிவுகளெல்லாம் நிலைபெறும் முன்பே சைனா டிரம் செட்டில் இருந்தது. ஏதோ மெட்டல் இசைக்காரர்கள் கடைசியில் கொண்டுவந்து ஒட்டவைத்த பொருள் என்று நினைப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஸ்விங் ஜாஸ் கோலோச்சிய 1930, 40களில் அதற்கு வேறொரு வேலை கிடைத்தது. சிம்பல் தயாரிக்கும் ஜில்ஜியன் நிறுவனம் "ஸ்விஷ்" என்ற பெயரில் ஒரு கலப்பை உருவாக்கியது, மேல் திரும்பிய விளிம்பு சைனாவுடையது, வட்டமான பெல் துருக்கிச் சிம்பலுடையது. இன்னும் மடிப்பு குறைந்த வகைக்கு "பாங்" என்று பெயர். ஸ்விஷ்ஷில் துளைகள் போட்டு ரிவெட்டுகளை (தளர்வாக ஆடும் சின்ன உலோக ஆணிகளை) பொருத்தினால் ஒவ்வோர் அடிக்குப் பின்னும் எண்ணெயில் எதையோ போட்டது போல ஒரு "ஸ்ஸ்ஸ்" நீளும். பிக் பேண்ட் எனும் பெரிய ஜாஸ் குழுக்களில் ட்ரம்பெட், ட்ரோம்போன் எல்லாம் சேர்ந்து முழங்கும்போது அதற்கு அடியில் இந்த உறுமலை ஓடவிட்டால் மொத்தக் குழுவும் ஒரு தூக்கலாகக் கேட்கும். இதில் என் ஆசான் ஜாஸ் டிரம்மர் மெல் லூயிஸ்தான், பதிவுகள் வழியாக மட்டும். 1966 பிப்ரவரியில் ட்ரம்பெட் கலைஞர் தாட் ஜோன்ஸுடன் சேர்ந்து நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் ஜாஸ் கிளப்பில் திங்கள் இரவுகளில் வாசிக்கத் தொடங்கிய அந்தக் குழுவில், ரிவெட் போட்ட 22 அங்குலச் சைனா வகைச் சிம்பலை அவர் ரைடாகவே வாசிப்பார். சத்தம் போடாமல், ஸ்டிக்கின் நுனியால். சைனா என்றால் ஓங்கி அறைய வேண்டிய பொருள் என்று நம்பிக்கொண்டிருந்த எனக்கு அது கண்ணைத் திறந்தது. மென்மையாக வாசித்தால் அதன் கரகரப்பு ஒரு புகைமூட்டம் போலப் பின்னால் நிற்கிறது, ஸ்டிக்கின் "டிக்" மட்டும் தெளிவாக முன்னால் வருகிறது.

எழுபதுகளிலிருந்து ராக்கில் ஆம்ப்ளிஃபையர்கள் பெரிதாகப் பெரிதாக, கிதார்ச் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வரக்கூடிய ஒரு சிம்பல் தேவைப்பட்டது. ரஷ் குழுவின் டிரம்மர் நீல் பியர்ட் ஜில்ஜியன் சிம்பல்களால் செட்டை நிறைத்திருந்த காலத்திலும் ஒரு வூஹான் சைனாவை விடாமல் வைத்திருந்தார், பிறகு சேபியன் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய பாராகன் வரிசையிலும் சைனாவுக்கு இடம் கொடுத்தார். மெட்டலில் அது இன்னும் தூரம் போனது. பாட்டு வேகம் தளர்ந்து கனமாக இறங்கும் பிரேக்டவுன் பகுதியில் கிதாரும் பாஸ் டிரம்மும் சிக்கலான கணக்கில் முட்டி மோதிக்கொண்டிருக்கும்போது, டிரம்மர் சைனாவில் நாலு நாலாக ஒரே சீராக அடித்துக்கொண்டிருப்பார். தலையாட்டும் கூட்டம் பிடித்துக்கொள்வது அந்தச் சைனாவைத்தான். அதே இடத்தில் க்ராஷை வைத்து வாசித்துப் பாருங்கள், ஒவ்வோர் அடியும் முந்தைய அடியின் கார்வைக்குள் கரைந்து ஒரே இரைச்சல் மேகமாகிவிடும், நாலு அடி நாலாகத் தெரியாது.

இப்போது மாட்டும் விஷயம். விளிம்பு மேலே பார்க்க, பெல் மேலே நிற்க மாட்டுவது ஒரு முறை. தலைகீழாகத் திருப்பி, பெல் கீழே தொங்க, விளிம்பு தரையைப் பார்க்க மாட்டுவது இன்னொரு முறை. நான் தலைகீழ் கட்சி. முன்பு சொன்ன ஜோடித் தாளத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். தலைகீழாக மாட்டும்போது மேலிருந்து வரும் ஸ்டிக்குக்கு முதலில் கிடைப்பது மடிப்பு, கருவி பிறந்தபோதே அடிவாங்கிய அதே இடம். ஸ்டிக்கின் தோள்பகுதி (நுனிக்குச் சற்றுக் கீழே மெலியும் இடம்) அந்த வளைவில் வழுக்கிக்கொண்டு போகும், ஒலி முழுதாக எழும்பும், ஸ்டிக்கும் பிழைக்கும். நேராக மாட்டினால் மேலே துருத்திக்கொண்டிருக்கும் மெல்லிய விளிம்பு நேரடியாக ஸ்டிக்கை வாங்குகிறது, கத்தி முனையில் அடிப்பது போலத்தான். ஸ்டிக் சீவிக்கொண்டு போகும், விளிம்பிலிருந்து விரிசல் கிளம்பும். எனக்கு ஒரு 18 அங்குலம் இப்படித்தான் போனது, பயிற்சி அறையில் இருந்த செட்டில் அதை நேராக, விங் நட்டை இறுக்கி மாட்டியிருந்தார்கள், மாற்றச் சோம்பல்பட்டு இரண்டு மாதம் அப்படியே வாசித்தேன். நேராக மாட்டுபவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு: வில் பகுதியில் ஸ்டிக் நுனியால் ரைடு போல வாசிக்க அது வசதி, ஒலியும் இன்னும் காய்ந்து, காங் சாயலோடு வரும். அப்படி மாட்டினால் உங்கள் பக்கம் நன்றாகச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

எப்படி மாட்டினாலும் இறுக்க வேண்டாம். டப்பா போன்ற உயரமான பெல் என்பதால் ஸ்டாண்டின் கம்பி நீளம் போதாமல் போகலாம், பிளாஸ்டிக் குழாயும் மேலும் கீழும் ஃபெல்ட்டும் இல்லாமல் உலோகம் உலோகத்தோடு உரசினால் துளை கீஹோல் போல நீண்டுவிடும். சிம்பல் தாராளமாக ஆட வேண்டும். அது ஆடுவதுதான் அடியின் வேகத்தை உள்வாங்கும் வழி.

அளவில் 16 முதல் 20 அங்குலம் வரைதான் அதிகம் புழங்குகிறது, 8, 10 அங்குலக் குட்டிகளும் 22க்கு மேற்பட்ட பெரியவையும் உண்டு. பெரிதானால் குரல் தாழும், உறுமல் கூடும், அடங்கக் கொஞ்சம் நேரமும் எடுக்கும். தடிமன் கூடினால் சுருதி ஏறும், மற்ற ஒலிகளை வெட்டிக்கொண்டு வரும் சக்தி கூடும், ஆனால் ஒலி முழுதாகத் திறக்க அதிக பலம் கேட்கும். மெல்லிய 18 எனக்கு எல்லா இடத்துக்கும் ஒத்துவருகிறது. 8 சதவீத வெள்ளீயக் கலவையில், இயந்திரம் சீராகச் செய்தவை இன்னும் பளிச்சென்றும் ஒருமுகமாகவும் ஒலிக்கும், கரகரப்பில் ஆழம் குறைவு. மெட்டல் இசையில் அது குறையில்லை, ஜாஸில் எனக்கு ஒவ்வாது. பெரிய பெரிய ஓட்டைகள் போட்ட வகைகளும் இப்போது நிறைய வருகின்றன. ஓட்டை போட்டால் எடை குறைந்து ஒலி இன்னும் குட்டையாகும், இன்னும் அழுக்காகும். ஏற்கெனவே குட்டையான சைனாவுக்கு அது கொஞ்சம் அதிகப்படி என்றே படுகிறது.

விரிசல் விட்ட சைனாவைத் தூக்கிப் போடாதீர்கள். விரிசலின் முனையில் சின்னத் துளை போட்டால் அது மேலும் ஓடுவது தாமதமாகும். அதைவிட நல்ல வழி, அதன் மேல் ஸ்ப்ளாஷ் எனும் குட்டிச் சிம்பலையோ கீழே ஒரு பழைய க்ராஷையோ வைத்து அடுக்கிவிடுவது. இரண்டு தகடுகள் ஒன்றோடொன்று உரசி "சக்" என்று கைதட்டல் போல முடியும் அந்த ஒலிக்காகவே பலர் இப்போது சைனா வாங்குகிறார்கள். விரிசல் விட்டுப் போன என் 18 அங்குலம் இன்று ஓர் அடுக்கின் அடித்தட்டாக இருக்கிறது.

பதிவில் சைனாவோடு கவனமாக இருக்க வேண்டும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் 3,000, 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில் அது ஆற்றலைக் கொட்டுகிறது, பாடுபவரின் மெய்யெழுத்துகளும் அதே பக்கம்தான் இருக்கின்றன. வரி ஓடும்போது சைனா அடித்தால் சொல் புரியாது, வரி முடிந்த மூச்சு இடைவெளியில் அடித்தால் இரண்டும் பிழைக்கும். ஓவர்ஹெட் மைக்குக்கு நேர் கீழே உயரமாக மாட்டினால் கலவையில் எவ்வளவு குறைத்தாலும் குத்திக்கொண்டே இருக்கும், ஒரு சாண் இறக்கினாலே வித்தியாசம் தெரியும். அப்புறம் சின்ன அறையில் பயிற்சி செய்கிறவர்கள் காதுக்கு அடைப்பான் இல்லாமல் இதன் பக்கத்தில் உட்கார வேண்டாம், இதை மிகவும் அக்கறையோடு சொல்கிறேன்.

வாங்கப் போனால் தனியாக அடித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிரம்மர் இருக்கையில் கேட்பது கரகரப்பின் மேல்தோல் மட்டும், அடியில் உள்ள உறுமல் பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்றால்தான் தெரியும். கூட வந்தவரை அடிக்கச் சொல்லிவிட்டு அறையின் மறுமூலைக்குப் போங்கள். முதலில் மெதுவாக, பிறகு ஓங்கி, பிறகு நாலு நாலாகத் தொடர்ந்து அடிக்கச் சொல்லுங்கள். நாலாவது அடி முதல் அடியைப் போலவே தனியாக, சுத்தமாகக் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள். கேட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், கேட்காவிட்டால் பக்கத்தில் மாட்டியிருக்கும் அடுத்ததை அதே மாதிரி அடிக்கச் சொல்லுங்கள்.